அரிசியை இழுக்குமா இரிடியம்? கலசம் காட்டி கோடி ஆசை... தர்மபுரி மக்களே உஷார்!

தர்மபுரி:-

"அண்ணே... ஒரு பழைய கோவில் கலசம் மாட்டியிருக்கு. இடி விழுந்த கலசம். பூரா இரிடியம். பக்கத்துல அரிசியை வச்சா சர்ருனு இழுக்குது. வெளிநாட்டு கம்பெனிக்காரன் ஆயிரம் கோடி தர ரெடியா இருக்கான். டெஸ்ட் பண்ற செலவுக்குத்தான் கொஞ்சம் பணம் வேணும். ஒரு லட்சம் போட்டா ஒரு கோடி..."

டீக்கடையிலோ, பஸ் நிலையத்திலோ, நிலம் பார்க்கப் போன இடத்திலோ இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும். பேசுகிறவர் முன்பின் தெரியாத ஆளாக இருக்க மாட்டார். ஏற்கனவே பணம் கட்டி மாட்டிக்கொண்ட மாமாவாகவோ, மச்சானாகவோ கூட இருப்பார். போட்ட பணத்தை எடுக்க அவருக்கு இன்னொரு ஆள் தேவை. அந்த ஆள் நீங்கள்தான்!

பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை செய்து சேர்த்த பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை, தக்காளியும் மாங்காயும் விற்று வந்த காசு என பலரது உழைப்பு இந்த கலசத்தில் கரைந்து போகிறது.

இரிடியம் என்பது பொய்யான பொருள் அல்ல. அது உண்மையான உலோகம். விலை உயர்ந்த உலோகம். ஆனால் மோசடி ஆசாமிகள் சொல்லும் குணம் ஒன்று கூட அதற்கு கிடையாது. அதன் நிஜமான குணம் தெரிந்துவிட்டால் இந்த கதையில் யாரும் ஏமாற முடியாது. அதன் விவரம் வருமாறு:-

உயிரையே பறித்த ஆசை

இது சினிமாவில் மட்டும் நடக்கிற கதை அல்ல. 2014-ல் வெளியான 'சதுரங்க வேட்டை' படத்தில் டைரக்டர் வினோத் இந்த 'ரைஸ் புல்லிங்' மோசடியை காட்டியிருந்தார். ஊரே பார்த்து சிரித்தது. ஆனாலும் மோசடி நிற்கவில்லை.

2018 மே மாதம் டில்லியில் ஒரு தந்தை-மகனை போலீசார் கைது செய்தனர். சாதாரண செம்பு தகட்டை காட்டி, "அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதை வாங்கிக்கொள்ளும்" என்று கூறி ஒரு வியாபாரியிடம் ரூ.1 கோடியே 43 லட்சம் சுருட்டியதாக அவர்கள் மீது புகார். கதிர்வீச்சு தாக்காமல் இருக்க என்று சொல்லி பளபள என மின்னும் உடையை மாட்டிக்கொண்டு 'சோதனை' நாடகம் நடத்தியதும் விசாரணையில் அம்பலமானது.

2022 ஜூலை மாதம் நமது மாவட்டத்தில் நல்லம்பள்ளி அருகே கேரளாவை சேர்ந்த 2 பேர் கொலை செய்யப்பட்டு பிணமாக கிடந்தனர். இதன் பின்னணியில் இரிடியம் பேரம் இருந்ததாக அப்போது செய்திகள் வெளியாகி பெரும் பரபரப்பு ஏற்பட்டது.

2025 செப்டம்பரில் சி.பி.சி.ஐ.டி. போலீசார் தமிழகத்தின் பல மாவட்டங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தி சுமார் 30 பேரை கைது செய்தனர். "இரிடியம் விற்ற பணம் ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. அதை எடுக்க கட்டணம் கட்ட வேண்டும்" என்று கூறி, ரிசர்வ் வங்கி பெயரிலேயே போலி ஆவணம் காட்டி பணம் வசூலித்தது தெரிய வந்தது.

கலசம் போய் இப்போது காகிதம் வந்துவிட்டது. ஆனால் தூண்டிலில் மாட்டுகிற புழு அதே இரிடியம்தான்!

இரிடியம் என்றால் என்ன?

பிளாட்டினம் குடும்பத்தில் மொத்தம் 6 உலோகங்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், ருத்தேனியம், ஆஸ்மியம், இரிடியம் என்று பெயர். இதில் மிக அரிதானவற்றில் ஒன்று இரிடியம்.

1803-ம் ஆண்டு இங்கிலாந்து விஞ்ஞானி ஸ்மித்சன் டென்னன்ட் இதை கண்டுபிடித்தார். பிளாட்டினத்தை கடும் அமிலத்தில் கரைத்தபோது, கரையாமல் அடியில் கருப்பாக ஒரு பொடி தங்கியது. அந்த பொடியில் இருந்து ஆஸ்மியம், இரிடியம் ஆகிய 2 புது உலோகங்களை அவர் பிரித்து எடுத்தார். இரிடியத்தின் உப்புகள் பல வண்ணங்களில் ஜொலித்ததால், கிரேக்க புராணத்தில் வரும் வானவில் தேவதை 'ஐரிஸ்' பெயரையே அதற்கு வைத்தார்.

இங்கேதான் முதல் கேள்வி வருகிறது. 1803-ல் கண்டுபிடித்த உலோகத்தில், "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ராஜா காலத்தில் கலசம் செஞ்சாங்க" என்றால் எப்படி?

தஞ்சை பெரிய கோவில் உச்சிக்கு ராஜராஜ சோழன் கொடுத்த கலசம் பற்றி கல்வெட்டே இருக்கிறது. செம்பு குடம், அதன் மேல் தங்கத் தகடு. அவ்வளவுதான். நம் ஊர் கோவில் கலசங்களும் செம்பு, பித்தளை, ஐம்பொன்னில் செய்தவையே. உள்ளே வரகு, நெல் போன்ற தானியங்களை நிரப்பி வைப்பார்கள்.

ஒரு பாட்டில் 22 கிலோ!

இரிடியத்தின் முதல் பெரிய குணம் அதன் எடை. உலகத்திலேயே மிக அடர்த்தியான பொருள் ஆஸ்மியம். அதற்கு ஒரு நூல் பின்னால் இருப்பது இரிடியம். ஒரு கன சென்டிமீட்டர் இரிடியம் 22.56 கிராம் எடை இருக்கும். அதே அளவு தங்கம் 19.3 கிராம். ஈயம் 11.3 கிராம். செம்பு 9 கிராம். பித்தளை சுமார் 8.5 கிராம்.

இன்னும் எளிதாக சொன்னால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுக்கு இரிடியம் இருந்தால் அதன் எடை இருபத்திரண்டரை கிலோ. கிட்டத்தட்ட 25 கிலோ அரிசி சிப்பத்தை தூக்குகிற மாதிரி இருக்கும். மஞ்சள் பையில் போட்டு டூவீலர் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வருகிற கலசம் இரிடியமாக இருக்க வாய்ப்பே இல்லை.

பட்டறையில் உருகாது

இரண்டாவது குணம், எளிதில் உருகாது. ஒவ்வொரு உலோகமும் உருகும் வெப்ப நிலையை பாருங்கள்.

பித்தளை - 900 டிகிரி சுற்று வட்டாரம்
தங்கம் - 1,064 டிகிரி
செம்பு - 1,085 டிகிரி
இரும்பு - 1,538 டிகிரி
பிளாட்டினம் - 1,768 டிகிரி
இரிடியம் - 2,446 டிகிரி

கரி உலையும் துருத்தியும் வைத்து செம்பை உருக்கலாம். இரிடியத்தை அந்த உலையில் நாள் கணக்கில் போட்டாலும் கட்டி கட்டியாகவே கிடக்கும். சரி, உருக்காமல் சுத்தியலால் அடித்து கலசம் செய்யலாமா என்றால் அதுவும் நடக்காது. இரிடியம் ரொம்ப கடினம். அதோடு நொறுங்கும் குணமும் உண்டு. வெள்ளியை, செம்பை தட்டுகிற மாதிரி தட்டி சொம்பாகவோ குடமாகவோ ஆக்க முடியாது. பெரிய தொழிற்சாலையில், பயங்கர சூட்டில் வைத்துதான் இதற்கு வடிவம் கொடுக்கிறார்கள்.

களிம்பு பிடித்தால் காலி

மூன்றாவது குணம், எதுவும் அரிக்காது. துரு பிடிக்காது. பச்சை களிம்பு படியாது. தங்கத்தையே கரைக்கும் 'ராஜ திராவகம்' கூட கட்டி இரிடியத்தை ஒன்றும் செய்யாது.

நிறமும் வேறு. இரிடியம் வெள்ளி மாதிரி வெண்மையாக, லேசான மஞ்சள் சாயலுடன் இருக்கும். ஆகவே காட்டுகிற கலசம் செம்பு நிறத்தில் சிவப்பாக இருந்தாலோ, பச்சை களிம்பு பிடித்து இருந்தாலோ அது செம்பு அல்லது பித்தளை. "இது காப்பர் இரிடியம் அண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். கோடி ரூபாய்க்கு போகும் 'காப்பர் இரிடியம்' என்று ஒரு சரக்கு சந்தையில் கிடையாது.

அரிசி ஏன் ஓடுகிறது?

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருவோம். அரிசியை இரிடியம் இழுக்குமா? இழுக்காது. எந்த உலோகமும் இழுக்காது!

காந்தத்தில் ஒட்டுவது இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற சில பொருட்கள்தான். இரிடியத்துக்கு கண்ணுக்கு தெரிகிற காந்த சக்தி கிடையாது. அரிசி வெறும் மாவுச்சத்து. அதை வலுவான காந்தத்தின் பக்கத்தில் வைத்தாலும் அசையாது.

பிறகு எப்படி அரிசி ஓடுகிறது? அந்த அரிசியில்தான் சூட்சுமம். நைசான இரும்புத் தூளை பசையோடு கலந்து அரிசியில் தடவி காய வைப்பார்கள். சொம்புக்குள்ளோ, மேஜைக்கு அடியிலோ காந்தத்தை மறைத்து வைப்பார்கள். கூடவே அரை இருட்டு, கற்பூரம், பூஜை. அரிசி ஓடுகிறது. பார்க்கிறவருக்கு வேர்க்கிறது. டார்ச் லைட் அணைவது, கடிகாரம் நிற்பது எல்லாம் இதே ரக செட்டப்தான்.

இழுக்கிற கல் வேண்டும் என்றால் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. அரூர் பக்கம் தீர்த்தமலை பகுதியில் காந்தத்தில் ஒட்டும் இரும்புக்கல் பூமியில் கிடக்கிறது. மேக்னடைட் என்று அதற்கு பெயர். அது இரும்புத் தாது. யாரும் கோடி கொடுக்க மாட்டார்கள்!

இடி விழுந்தால் மாறுமா?

"சாதாரண செம்புதான். இடி விழுந்ததால் இரிடியமா மாறிடுச்சு" என்பது அடுத்த டயலாக்.

மின்னல் பாயும் பாதையில் சுமார் 30 ஆயிரம் டிகிரி வெப்பம் உண்டாகும். அதனால் உலோகம் உருகலாம், கருகலாம். ஆனால் வேறு உலோகமாக மாறாது. செம்பு அணுவின் கருவில் 29 புரோட்டான்கள். இரிடியம் அணுவில் 77. ஒன்று இன்னொன்றாக மாற வேண்டும் என்றால் அணுக்கருவையே மாற்ற வேண்டும். அது மின்னலால் முடிகிற காரியம் அல்ல. அப்படி முடியும் என்றால் கிராமத்துக்கு கிராமம் உள்ள இடிதாங்கி எல்லாம் இந்நேரம் இரிடியமாக மாறியிருக்க வேண்டுமே!

கதிர்வீச்சு கதை

"கிட்டே போகாதீங்க, கதிர்வீச்சு அடிக்கும்" என்று பயமுறுத்துவதும் உண்டு. பொருளை தொட விடாமல், சோதிக்க விடாமல் தடுக்கத்தான் இந்த பயம்.

பூமியில் இயற்கையாக கிடைக்கும் இரிடியத்தில் கதிர்வீச்சு கிடையாது. அணு உலையில் வைத்து செயற்கையாக தயாரிக்கும் 'இரிடியம்-192' என்ற வகைக்குத்தான் கதிர்வீச்சு உண்டு. புற்றுநோய் சிகிச்சைக்கும், தொழிற்சாலை குழாய்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று படம் பிடித்து பார்க்கவும் அது பயன்படுகிறது.

அதன் சக்தி 74 நாட்களில் பாதியாக குறைந்துவிடும். அடுத்த 74 நாளில் அதிலும் பாதி. இப்படியே 2 வருடம் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிறகு 500 வருட பழைய கலசத்தில் எங்கிருந்து கதிர்வீச்சு வரும்?

இன்னொரு விஷயம். நிஜமான கதிர்வீச்சு பொருள் விளையாட்டு சாமான் அல்ல. 2010-ல் டில்லி மாயாபுரி பழைய இரும்பு சந்தைக்கு வந்த 'கோபால்ட்-60' என்ற கதிர்வீச்சு பொருளை உடைத்ததில் பலர் பாதிக்கப்பட்டனர். ஒருவர் இறந்தே போனார். இத்தகைய பொருளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் யாரும் வைத்திருக்கவோ விற்கவோ முடியாது.

நிஜ இரிடியம் எங்கே இருக்கிறது?

இரிடியத்தை பார்க்க ஆசையா? பைக் மெக்கானிக் கடைக்கு போங்கள். இரிடியம் ஸ்பார்க் பிளக் என்று கேட்டால் எடுத்து காட்டுவார். சில நூறு ரூபாய் விலை. அதன் முனையில் குண்டூசி போல மெல்லிசாக ஒரு துளி இருக்கும். அந்த துளிதான் இரிடியம். என்ஜினுக்குள் எவ்வளவு தீப்பொறி பறந்தாலும் சீக்கிரம் தேயாது, உருகாது என்பதால் அங்கே வைக்கிறார்கள். அந்த காலத்து இங்க் பேனா நிப்பு முனையிலும், தேயாமல் இருக்க இரிடியம் கலந்த துளியை ஒட்டுவார்கள்.

130 வருடம் உலகத்துக்கே எடைக்கல்லாக இருந்த கிலோகிராம் உருளை, 90 சதவீதம் பிளாட்டினமும் 10 சதவீதம் இரிடியமும் கலந்து செய்தது. 1889-ல் இருந்து 2019 மே 20 வரை உலகின் எல்லா தராசுக்கும் அதுதான் மூலம். அதன் 57-ம் எண் நகல் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. விண்கலங்களின் அணு மின்கலங்களில் எரிபொருளை மூடி வைக்கவும் இரிடிய கலவையை பயன்படுத்துகிறார்கள். 'நாசா வாங்குது' என்ற புரளிக்கு இதுதான் கண்ணும் மூக்கும் வைத்தது போலும். ஆனால் நாசாவோ, நமது இஸ்ரோவோ வீடு வீடாக வந்து கலசம் வாங்குவது இல்லை.

பூமி உருவானபோது இரும்போடு சேர்ந்து இரிடியமும் பூமியின் நடு மையத்துக்கு இறங்கிவிட்டது. அதனால்தான் மேலே இத்தனை பஞ்சம். விண்கற்களில் இது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன்பு பூமியில் மோதிய ஒரு பெரிய விண்கல் தூவிய இரிடியத்தை மெல்லிய மண் படிவத்தில் கண்டுபிடித்துத்தான், டைனோசர் அழிவுக்கு அதுவே காரணம் என்று 1980-ல் விஞ்ஞானிகள் கூறினார்கள். விண்கல்லில் கூட ஒரு டன்னுக்கு சில கிராம் கணக்குதான்.

இன்று உலகத்துக்கு கிடைக்கும் இரிடியத்தில் பெரும்பகுதி தென் ஆப்பிரிக்க சுரங்கங்களில் இருந்து வருகிறது. பல டன் பாறையை உடைத்தால் ஒரு கிராம் தேறுவதே கஷ்டம். உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் கிடைப்பது சுமார் 7 அல்லது 8 டன் மட்டுமே. நம் பக்கத்து நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பாறைகளில் பிளாட்டினம் குடும்ப உலோகங்கள் இருப்பதை புவியியல் ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். அதுவும் பாறைக்குள் கண்ணுக்கு தெரியாத துகளாக இருப்பதே தவிர, கலசமாக அல்ல.

ஆயிரம் கோடி கணக்கு

விலை கணக்கையும் போட்டு பார்த்துவிடுவோம். இரிடியம் விலை உச்சத்துக்கு போன வருடம் 2021. அப்போது ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 6 ஆயிரம் டாலரை தாண்டியது. அன்றைய ரூபாய் மதிப்பில் ஒரு கிராம் சுமார் 14 ஆயிரம் ரூபாய். ஒரு கிலோ என்றால் சுமார் ஒரு கோடியே 40 லட்சம்.

ஆக, அந்த கலசம் 5 கிலோ சுத்த இரிடியமாகவே இருந்தாலும், உச்ச விலையில் 7 கோடிதான். ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்பதெல்லாம் வாய்க்கு வந்த கணக்கு.

ஒரு சொம்பு தண்ணீர் போதும்

சோதனைக்கு வெளிநாட்டு விஞ்ஞானி தேவை இல்லை. தராசும், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பாத்திரமும் போதும். ஒரு கிலோ எடையுள்ள உலோகத்தை நூலில் கட்டி, உள்ளே காற்று தங்காமல் முழுசாக தண்ணீரில் இறக்குங்கள். வழிகிற தண்ணீரை பிடித்து அளந்து பாருங்கள். இரிடியமாக இருந்தால் சுமார் 44 மி.லி. தண்ணீர்தான் வழியும். ஈயம் என்றால் 88 மி.லி. பித்தளை என்றால் 118 மி.லி. அரை டம்ளருக்கு மேல் வழிந்தால் கதை கந்தல்!

இந்த சோதனைக்கு கூப்பிட்டு பாருங்கள். "பொருள் வேற ஊர்ல இருக்கு, பார்ட்டி கோவிச்சுக்குவார், தண்ணி பட்டா பவர் போயிடும்" என்று ஆயிரம் சாக்கு வரும். பவரும் போகாது, ஒண்ணும் போகாது. போகப்போவது உங்கள் பணம் மட்டும்தான்.

பயப்படாமல் புகார் கொடுங்கள்

ஏமாந்தவர்களில் பலர் போலீசுக்கு போவது இல்லை. "கோவில் கலசம் வாங்க பணம் கொடுத்தேன்னு சொன்னா நம்மளையே உள்ள வச்சிடுவாங்களோ" என்ற பயம். வெளியே தெரிந்தால் அவமானம் என்ற கூச்சம். மோசடி கும்பல் நம்பி இருப்பது இந்த பயத்தையும் கூச்சத்தையும்தான்.

திருட்டு கலசம் என்று தெரிந்தே வாங்குவது குற்றம்தான். பூமிக்குள் புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டு சட்டமே இருக்கிறது. ஆனால் பொய் சொல்லி பணம் பறித்தவன் செய்தது அதைவிட பெரிய குற்றம். முன்பு '420' என்று சொன்ன மோசடி வழக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் வருகிறது. 7 வருடம் வரை ஜெயில் தண்டனை உண்டு.

பணம் கொடுத்த தேதி, ஜிபே ரசீது, பேங்க் ஸ்லிப், வாட்ஸ்அப் மெசேஜ், அவர்கள் கொடுத்த போலி பத்திரம் எதையும் அழித்துவிடாதீர்கள். அவைதான் சாட்சி. அவற்றோடு பக்கத்து போலீஸ் நிலையத்திலோ, மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

"மீதி பணத்தையும் கட்டினால்தான் முதல் பணம் வரும்" என்று அடுத்த போன் வரும். அதை நம்பி இன்னொரு ரூபாய் கூட கொடுக்காதீர்கள். போட்ட பணத்தை எடுப்பதற்காக தம்பியையோ, மச்சானையோ கூட்டிக்கொண்டு போய் சேர்த்துவிடவும் வேண்டாம். அப்படி சேர்த்துவிட்டால் ஏமாந்தவரே நாளைக்கு ஏமாற்றியவர் ஆகிவிடுவார். சொந்தபந்தத்தில் முகம் கொடுக்க முடியாது.

அடுத்த முறை யாராவது கலசத்தோடு வந்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அவர் கொண்டு வந்த அரிசியை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வீட்டு ரேஷன் அரிசியில் ஒரு பிடி எடுத்து அந்த கலசத்தின் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு பருக்கை கூட நகராது!